லிட்டில்ஹாம்ப்டன் பித்தர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மகனுக்கு மழைக்கோட்டு வாங்கப் போய், ஐம்பது பென்ஸுக்கு ஒரு பழைய சிடி வாங்கிக்கொண்டு வந்தேன். மழைக்கோட்டு வாங்கவில்லை. அதற்கு வீட்டில் என்ன கிடைத்தது என்று எழுதினால் அது தனிப் பதிவாகிவிடும், விடுங்கள்.

ஊர் லிட்டில்ஹாம்ப்டன். இங்கிலாந்தின் தெற்குக் கரையில், வெஸ்ட் சசெக்ஸில், ஆருன் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது. நாங்கள் இருக்கிற வொர்திங்கிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். பெரிதாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத ஊர்தான். பாடி ஷாப் என்ற அழகுசாதனக் கடைகளைத் தொடங்கிய அனிதா ராடிக் பிறந்தது இங்கே. கடலோரமாக முந்நூறு மீட்டருக்கும் மேல் வளைந்து நெளிந்து போகிற ஒற்றை பெஞ்சு ஒன்று உண்டு, அதில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றால் கடற்பறவைகள் கையிலிருந்தே பிடுங்கும். அப்புறம் கடைத்தெருவில், பழைய பொருட்களை விற்றுத் தர்ம காரியங்களுக்குப் பணம் சேர்க்கிற நாலைந்து சேரிட்டி ஷாப்புகள். அதில் ஒன்றில்தான், குழந்தைகள் சட்டைகளுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டியில், அந்த ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் 1997இல் போட்ட ஆல்பம் கிடந்தது. 'கிங் ஆஃப் ஃபூல்ஸ்'. குழுவின் பெயர் 'டெலிரியஸ்?'. அந்தக் கேள்விக்குறி என்னுடையது இல்லை, பெயரோடு அவர்களே ஒட்டிவைத்தது. எழுதுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. ஒவ்வொரு முறையும் வாக்கியம் நடுவிலேயே கேள்வியாகி நிற்கும். இனிமேல் நான் குறியை விட்டுவிட்டுத்தான் எழுதப் போகிறேன், ஆனால் அதைப் பற்றிப் பேசாமல் விடமாட்டேன்.

இவர்களுடைய பாட்டு ஒன்றை நான் இருபது வருஷத்துக்கு முன்பே பாடியிருக்கிறேன், பெயர் தெரியாமல். சென்னையில் கல்லூரி விடுதியில் வியாழக்கிழமை இரவுகளில் ஒரு ஜெபக்கூட்டம் நடக்கும். நான் போனது ஜெபத்துக்காக என்று சொன்னால் என் நண்பர்கள் சிரிப்பார்கள், அங்கே கிட்டார் இருந்தது, அவ்வளவுதான். ஜெராக்ஸ் எடுத்து ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போன ஒரு தாளில் 'ஐ குட் சிங் ஆஃப் யுவர் லவ் ஃபாரெவர்' பாட்டு இருந்தது. மேலே கிட்டாருக்கான கார்டுகள் மட்டும், யார் எழுதியது என்பது கிடையாது. அமெரிக்கப் பாட்டு என்றே எல்லாரும் நினைத்தோம். காரணம், எங்களிடம் இருந்த பதிவு சோனிக்ஃப்ளட் என்ற அமெரிக்கக் குழு 1999இல் பாடியது. அதை எழுதிய மார்ட்டின் ஸ்மித் என்பவர் இந்தச் சிப்ஸ் வாசனை ஊர்க்காரர் என்பது இங்கே குடிவந்த பிறகுதான் தெரிந்தது.

கதை 1992இல் தொடங்குகிறது. லிட்டில்ஹாம்ப்டனில் ஒரு சபை, பெயர் ஆருன் கம்யூனிட்டி சர்ச். அங்கே மாதம் ஒருமுறை இளைஞர்களுக்காக 'கட்டிங் எட்ஜ்' என்று ஒரு நிகழ்ச்சி. அதற்கு வாசிக்க அந்தச் சபைப் பையன்களே ஒரு குழுவானார்கள், பெயரும் அப்போது கட்டிங் எட்ஜ் பேண்ட்தான். பாடியது மார்ட்டின் ஸ்மித், கீபோர்டு டிம் ஜப், டிரம்ஸ் ஸ்டூவர்ட் ஸ்மித், லீட் கிட்டார் ஸ்டூ ஜி என்று எல்லாரும் கூப்பிடுகிற ஸ்டூவர்ட் காரர்ட், பிறகு பேஸ் கிட்டாருக்கு ஜான் தாட்சர். ஜான், மார்ட்டினுக்கு மச்சான் முறை. குழுவுக்குள் இப்படிக் கல்யாண உறவுகள் உண்டு, நம்ம ஊர் நாதஸ்வரக் குடும்பம் மாதிரி. எல்லாருக்கும் பகலில் வேறு வேலை. மார்ட்டின் ஈஸ்ட்போர்னில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர். 1993க்கும் 1995க்கும் நடுவில் தாங்களே பதிவு செய்து நாலு கேசட் போட்டார்கள், நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். இன்று உலகம் முழுக்கச் சபைகளில் பாடுகிற அவர்களுடைய பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த நாலு கேசட்டில் இருப்பவைதான். விநோதம் என்னவென்றால், அப்போது அவர்கள் முழுநேர இசைக்கலைஞர்களே இல்லை.

முழுநேரமாக ஆக்கியது ஒரு விபத்து. 1995இல் ஒரு இரவு மார்ட்டின் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். கார் சுவரில் போய் மோதியது. உள்ளே மனைவி அண்ணாவும் மச்சான் ஜானும் இருந்தார்கள், அவர்கள் தப்பினார்கள், மார்ட்டினுக்குத்தான் கால் எலும்பு நொறுங்கியது. மருத்துவமனையில் கட்டிலோடு கட்டிப்போட்ட மாதிரிக் கிடந்தபோதுதான் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்வது என்ற எண்ணம் உறுதியானதாகச் சொல்லியிருக்கிறார். 1996 ஏப்ரலில் வேலையை விட்டார்கள். பெயரையும் அப்போது மாற்றினார்கள். ஜுர வேகத்தில் பிதற்றுகிறானே ஒருவன், அந்த நிலைதான் டெலிரியஸ். தமிழில் இதற்கு ஒரே சொல் போதும், பித்து. சொந்தமாக ஒரு ரெக்கார்டு கம்பெனியும் தொடங்கினார்கள், அதற்குப் பெயர் 'ஃபியூரியஸ்?'. அங்கேயும் கேள்விக்குறி! ஒரு சபையின் செல்லப் பிள்ளைகள் தங்கள் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டுக்கொள்வதில் ஒரு குறும்பு இருக்கிறது. சபைக்குள் எல்லா வாக்கியமும் ஆச்சரியக்குறியில்தான் முடியும், அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

1996 கடைசியில் ஒரு மேடைப் பதிவு வந்தது, ஆனாலும் முதல் ஸ்டூடியோ ஆல்பம் என்றால் 'கிங் ஆஃப் ஃபூல்ஸ்'தான். 1997 ஜூன். அந்த மாதத்தை நினைத்துப் பாருங்கள். மே முதல் தேதிதான் டோனி பிளேர் ஜெயித்திருக்கிறார். ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' அதே ஜூனில் வருகிறது. ஒயாசிஸ் குழுவின் புது ஆல்பம் ஆகஸ்டில் வரப்போகிறது. நாடே கிட்டார் குழுக்களைப் பற்றி அரட்டை அடித்துக்கொண்டிருந்த வருஷம். அதன் நடுவில் கடற்கரை ஊர்ச் சபைக் குழு ஒன்று, பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 13ஆம் இடத்தில் வந்து நிற்கிறது.

எப்படி? இது எனக்குப் பிடித்த பகுதி. அப்போதெல்லாம் பட்டியல் என்பது கடையில் விற்ற எண்ணிக்கை. அதிலும் எல்லாக் கடையும் கணக்கில் வராது. கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் ஆயிரக்கணக்கில் விற்றாலும் பெரும்பாலும் பட்டியலுக்குப் போய்ச் சேராது. ஆகவே ரசிகர்கள் சபைக் கடையை விட்டுவிட்டு ஊர்க் கடைத்தெருவுக்குப் போய் வாங்க வேண்டும், அதுவும் வெளிவந்த வாரத்திலேயே. இளைஞர் குழுக்கள் அதைச் செய்தன. ஒரு தலைமுறைச் சபைப் பிள்ளைகள் தங்கள் கைச்செலவுக் காசைச் சேர்த்து வைத்து ஒரே வாரத்தில் வாங்கினார்கள், ஞாயிறு மாலை ரேடியோவில் பட்டியல் வாசிக்கும்போது காத்திருந்தார்கள். காலையில் ஆராதனை, மாலையில் டாப் 40. ஆல்பத்திலிருந்து தனிப்பாட்டாக, சிங்கிளாக, வந்த 'ஒயிட் ரிப்பன் டே' 41ஆம் இடம், அதாவது டாப் 40க்கு ஒரே ஒரு படி கீழே, எவ்வளவு வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும். அடுத்து 'டீப்பர்' 20ஆம் இடம். அதற்கடுத்து 'ப்ராமிஸ்', அதுவும் 20. இத்தனைக்கும் பெரிய ரேடியோ நிலையங்களில் இந்தப் பாட்டுகள் ஏறக்குறைய ஒலிக்கவே இல்லை.

இதை வெற்றி என்று சொல்வதா? எனக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சபைக்கு வெளியே இருக்கிறவர்களிடம் பேச வேண்டும் என்பதுதான் இந்த ஆல்பத்தின் நோக்கம். ஆனால் அதை அந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது முழுக்க முழுக்க உள்ளே இருந்தவர்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதினவர்கள் எல்லாம் சொந்தக்காரர்களே என்கிற மாதிரி. வெளியே இருந்தவர்கள் பட்டியலில் அந்த விநோதமான பெயரைப் பார்த்து, யார் இவர்கள் என்று ஒரு வாரம் கேட்டிருப்பார்கள், அப்புறம் மறந்திருப்பார்கள். அந்தக் கேள்விக்குறிக்கு அப்படியும் ஒரு அர்த்தம் கிடைத்துவிட்டது.

சரி, பாட்டுகளுக்கு வருவோம். எங்கள் பழைய காரில் இன்னும் சிடி பிளேயர் இருக்கிறது. இரண்டு வாரமாக அதில் இது மட்டும்தான் ஓடுகிறது.

முதல் பாட்டு 'சாங்டிஃபை'. கிறிஸ்தவ ராக் என்றதும் கையைத் தட்டிக்கொண்டு வெற்றி வெற்றி என்று தொடங்கும் என்று எதிர்பார்த்தால், மார்ட்டின் பாடுவது வேறு. மறுபடியும் அதே பழைய இடத்துக்கு வந்து முகங்குப்புறக் கிடக்கிறேன் என்கிற ஒருவனின் குரல். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை விழுந்தவன் வாயால் தொடங்குவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பின்னணியில் ஒரே தாளத்துண்டு திரும்பத் திரும்ப ஓடுகிற அந்தக் காலத்து டிரம் லூப்புகள், இன்று கேட்கும்போது 1997 என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கின்றன. பரவாயில்லை.

'டீப்பர்' அதைவிட நல்ல பாட்டு. ஆழத்துக்குப் போக ஆசைதான், ஆனால் நீச்சல் தெரியாதே என்று தொடங்குகிறது. உயரப் பறக்கவும் ஆசை, கைகள் தூக்க மாட்டேன் என்கின்றன. இவ்வளவுதான் பாட்டு. கடவுள் என்று நேராக ஒரு இடத்திலும் பிரசங்கம் செய்யாமல், விசுவாசம் வைக்க விரும்புகிற ஒருவனுக்கு இருக்கிற இயலாமையை ஒரு துள்ளல் மெட்டில் சொல்லிவிட்டது. கடலோரத்தில் வாழ்கிறவனுக்குத்தான் இந்த உவமை இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கிறேன்.

'ரிவைவல் டவுன்' எனக்கு ஒட்டவில்லை. எழுப்புதல், அதாவது ஊரே ஒரேயடியாக விசுவாசத்துக்குத் திரும்புவது, வரும், வரும் என்று மேடையில் ஐம்பது தடவை சொல்லிக் கேட்ட பிள்ளை நான், அந்தச் சொல்லைக் கேட்டாலே காது மூடிக்கொள்கிறது. அப்போதைய சூழல் அப்படி. 1994இல் கனடாவின் டொராண்டோவில் ஒரு சபையில் தொடங்கிய பரவசக் கூட்டங்களின் அலை இங்கிலாந்துச் சபைகளையும் அடித்துப் போட்டிருந்தது, சிரிப்பவர்கள், விழுபவர்கள், அழுபவர்கள். நாடே மாறப்போகிறது என்று உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் வேகம் இந்த ஆல்பம் முழுக்க ஓடுகிறது, சில இடத்தில் பாட்டைத் தூக்குகிறது, இந்த இடத்தில் கோஷமாக்கிவிடுகிறது.

'ஒயிட் ரிப்பன் டே' வட அயர்லாந்தில் அமைதி வர வேண்டும் என்கிற வேண்டுதல். 1996 பிப்ரவரியில் லண்டன் டாக்லாண்ட்ஸில் குண்டு வெடித்து ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் போர்நிறுத்தம் முறிந்தது, ஜூனில் மான்செஸ்டர் நகர மையத்தில் இன்னொன்று. அதற்கடுத்த வருஷம் வந்த பாட்டு இது. சமாதான ஒப்பந்தம் 1998 ஏப்ரலில்தான், அதுவும் புனித வெள்ளியன்று. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் என்ற பெயரில் முப்பது வருஷம் கொலை நடந்த ஒரு தீவைப் பற்றி, ஒரு சபைக்குழு பாடத்தானே வேண்டும்? ஆனால் பல சபைக்குழுக்கள் இந்த மாதிரி விஷயங்களைத் தொடுவதில்லை.

தலைப்புப் பாட்டைப் பற்றி நம்மவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. முட்டாள்களின் அரசன் என்று எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்தால் அசிங்கமாக இருக்கும், பித்தர்களின் அரசன் என்று சொன்னால் உடனே புரிந்துவிடும். பவுல் கொரிந்தியருக்கு எழுதின நிருபத்தில் 'நாங்கள் கிறிஸ்துவினிமித்தம் பைத்தியக்காரர்' என்று ஒரு வரி உண்டு, ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தது. ஆனால் எனக்கு அதற்கு முன்னால் ஞாபகம் வருவது சுந்தரர்தான். தடுத்தாட்கொண்டவரையே 'பித்தா' என்று வைது, அந்த வசவிலேயே தேவாரத்தைத் தொடங்கியவர். கடவுளும் பித்தன், பாடுகிறவனும் பித்தன் என்பது நமக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேலான பழக்கம். 'ஆல் தி வே' மாதிரிப் பாட்டுகளைக் கேட்டு, இது மனைவிக்கா கடவுளுக்கா என்று ஒரு வெள்ளைக்காரர் குழம்பலாம். ஆண்டாள் ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன குழப்பம்? ரெண்டும் ஒன்றுதான், கேட்டுக்கொண்டே போ என்போம்.

தயாரித்தது யார் என்று பின்னட்டையில் பார்த்தபோது ஒரு பழைய கண்ணி கிடைத்தது. மார்ட்டினோடு சேர்ந்து தயாரித்தவர் ஆண்டி பியர்சி. இவர் 'ஆஃப்டர் தி ஃபயர்' குழுவின் பாடகர், அதுவும் கிறிஸ்தவர்களின் குழுதான், ஒரு தலைமுறை முன்னால். ஆஸ்திரியாவின் ஃபால்கோ ஜெர்மனில் பாடிய 'டெர் கொமிசார்' பாட்டை ஆங்கிலத்தில் பாடி 1983இல் அமெரிக்காவில் 5ஆம் இடம் வரை போனவர்கள். அந்தப் பாட்டுக்கும் வேதாகமத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சபையிலிருந்து கிளம்பி வெளியுலகத்துக்குள் போன வழியில் ஏற்கெனவே நடந்து பார்த்த ஒருவரைத்தான் இவர்கள் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டூ ஜியின் கிட்டாரைப் பற்றிச் சொல்லாமல் போனால் கிட்டார்க்காரன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. டிலே பெடல் என்று ஒன்று, நாம் வாசித்த சுரத்தைக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லும், கிணற்றில் கூப்பிட்டால் வருவது மாதிரி. அந்த இடைவெளியை முக்கால் தட்டு என்று வைத்துக்கொண்டால், நாம் அரைத் தட்டாக வாசிக்கிற சுரங்களுக்கு நடுவில் எதிரொலி வந்து புகுந்துகொண்டு, ஒரு கை வாசிப்பது ரெண்டு கை வாசிக்கிற மாதிரிக் கேட்கும். யூ2 குழுவின் கிட்டார்க்காரர் எட்ஜ் பிரபலப்படுத்திய வித்தை. ஸ்டூ ஜி அதைச் சபை இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். இன்று சிட்னியிலிருந்து சென்னை வரை எந்த ஆராதனைப் பாட்டைப் போட்டாலும் முன்னால் அந்த எதிரொலிக் கிட்டார் வந்து நிற்கும், அந்தப் பெடல் இல்லாமல் பரிசுத்த ஆவி இறங்க மாட்டார் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

அப்புறம் அந்த ஆல்பத்திலிருந்து சபைகள் எதை எடுத்துக்கொண்டன என்று பார்த்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. 'வாட் எ ஃப்ரெண்ட் ஐவ் ஃபவுண்ட்' போனது, மென்மையான பாட்டு, நூறு பேர் சேர்ந்து பாட முடியும். 'ஹிஸ்டரி மேக்கர்' போனது. சபைப் பாட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. சாதாரணத் தொண்டை ஏறக்கூடிய உயரம், ரெண்டாம் தடவை கேட்டதும் பிடிபடுகிற மெட்டு. சபைகள் லைசென்ஸ் கட்டி, என்னென்ன பாடினோம் என்று எழுதிக் கொடுக்கும், பாட்டு எழுதினவருக்கு அதிலிருந்து பணம் போகும். ஆகவே ஊரே பாடக்கூடிய பாட்டுக்கு ஆயுள் அதிகம், மற்றதெல்லாம் சிடியோடு அட்டைப்பெட்டிக்குள். 'சாங்டிஃபை' மாதிரித் தனியாக விழுந்து கிடக்கிறவன் பாட்டை நூறு பேர் கை உயர்த்திப் பாடுவது கஷ்டம்தானே.

அந்த 'ஹிஸ்டரி மேக்கர்' ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது. ஜனங்கள் ஜெபித்தால் வானம் திறக்கும் என்கிறார்களே, அது இன்றைக்கும் நிஜம்தானா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, அப்புறம் ஏறி ஏறி, கடைசியில் சரித்திரம் படைப்பேன் என்கிற ஆர்ப்பாட்டத்தில் போய் முடியும். இளைஞர் மாநாடுகளில் அந்த ஆர்ப்பாட்டத்தைத்தான் பாடுகிறார்கள். எனக்குப் பிடித்தது முதல் ஒரு நிமிஷம்.

குழு 2009 வரை இருந்தது. பான் ஜோவிக்கும் பிரையன் ஆடம்ஸுக்கும் முன்னால் மேடையேறினார்கள், அமெரிக்கா போனார்கள், மும்பைக்கு வந்து அங்கே பாலியல் தொழில் நடக்கும் தெருக்களின் குழந்தைகளைப் பார்த்துவிட்டுப் போன மார்ட்டின் அதை மறக்க முடியாமல் திரும்பத் திரும்பப் பேசினார். 2009 நவம்பர் 29 அன்று லண்டன் ஹாமர்ஸ்மித் அப்போலோவில் கடைசிக் கச்சேரி. முடிந்தது என்று எல்லாரும் கலைந்த நாலு மாதம் கழித்து, ஈஸ்டருக்கு ஒரு கிறிஸ்தவப் பாட்டைப் பட்டியலில் ஏற்றுவோம் என்று ஃபேஸ்புக்கில் ஒரு பிரசாரம் கிளம்பி, 2010 ஏப்ரல் 4, ஈஸ்டர் ஞாயிறு அன்று 'ஹிஸ்டரி மேக்கர்' 4ஆம் இடத்துக்கு வந்தது. பதின்மூன்று வருஷப் பழைய பாட்டு. குழு உயிரோடு இருந்தபோது ஒருமுறைகூட அவ்வளவு மேலே போனதில்லை. இந்தத் தடவை வாங்கினதும் அதே பிள்ளைகள்தான் என்று நினைக்கிறேன், இப்போது அவர்களுக்கே பிள்ளைகள் இருந்திருக்கும்.

சிடி வாங்கின அன்றைக்கு, மழைக்கோட்டு மறந்துபோனது ஞாபகம் வருவதற்கு முன்னால், நானும் மகனும் ஆற்று முகத்துவாரம் வரை நடந்தோம். ஆருன் அங்கே பார்க்கச் சாதுவாகத்தான் தெரியும், கீழே இழுப்பு பயங்கரம், ஓதம் வடியும்போது படகுகளே திணறும். கரையில் ஒரு எச்சரிக்கைப் பலகை இருந்தது. மகன் எழுத்துக்கூட்டி வாசித்தான், நீந்தக் கூடாதாம் அப்பா என்றான். எனக்கு நீச்சல் தெரியாதுடா என்றேன். "அப்ப ஏன் இவ்வளவு கிட்ட நிக்கிறீங்க?" என்று சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.